கேளுங்கள், கொஞ்சம் பொறுங்கள்

அக்டோபர் 6 உலக மூளை முடக்குவாத தினம். “உங்களுக்கே அது இருக்கிறதே, ஒரு வாரம் அதைப் பற்றி மட்டும் பதில் சொன்னால் என்ன?” என்றார் ஆசிரியர். சொல்லலாம். அரசியலும் சினிமாவும் அடுத்த வாரம் வரை தாங்கும். ஒற்றை விரலால் தட்டுகிறேன். பதில் சுருக்கமாக இருந்தால் அதை நடையழகு என்று பாராட்ட வேண்டாம், விரல் வலி.

மூளை முடக்குவாதம் என்பது நோயா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

நோய் என்றால் வரும், ஏறும், இறங்கும், சமயத்தில் போய்விடும். இது வளரும் மூளையில் ஒரே ஒரு முறை விழுந்த அடி. கருவில் விழலாம், பிரசவத்தில் விழலாம், பிறந்த முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் விழலாம். கை கால்களில் பழுது கிடையாது. அவற்றுக்கு உத்தரவு போடும் இடத்தில்தான் பழுது. சப்-ஸ்டேஷனில் கோளாறு, வீட்டு ஒயரிங் பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் தசை இறுகலாம், தானாக நெளிந்து ஆடலாம், நிலைகொள்ளாமல் தள்ளாடலாம். ஐந்தில் நான்கு பேருக்கு இறுக்கம்தான். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் இரண்டு மூன்று பேருக்கு என்பது உலகக் கணக்கு.

அந்த அடி வளர்வதில்லை, பிள்ளை வளர்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காது. ஆறு வயதில் நடந்தவன் பதினான்கு வயதில் நடக்கத் திணறுவான். “வியாதி முத்திப்போச்சு” என்பார்கள். வியாதி அப்படியேதான் இருக்கிறது, பையன்தான் உயர்ந்துவிட்டான்.

போலியோவும் இதுவும் ஒன்றுதானே?
— ஆட்டோ ஓட்டுநர், தருமபுரி

இல்லை. போலியோ ஒரு கிருமி. தண்டுவட நரம்புகளைத் தாக்கும், கால் துவண்டுவிடும். அதற்குச் சொட்டு மருந்து உண்டு. இந்தியாவில் இயற்கையாகப் பரவிய போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில். 2014-ல் இந்தியாவுக்கு ‘போலியோ இல்லாத நாடு’ என்று சான்றிதழே கிடைத்துவிட்டது. மூளை முடக்குவாதத்தில், சுருக்கமாக சி.பி.யில் (செரிப்ரல் பால்சி), கால் பெரும்பாலும் விறைக்கும். சொட்டு மருந்து கிடையாது. சான்றிதழ் உண்டு, மாற்றுத்திறனாளி சான்றிதழ். அதை வாங்க நடக்கிற நடையைப் பிசியோதெரபிக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்.

என் மருமகள் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வாசலுக்கு வந்துவிட்டாள். பேரனுக்கு இப்படி ஆனது அதனாலா?
— ஒரு பாட்டி, கும்பகோணம்

இல்லை பாட்டி. சந்திரனையும் விட்டுவிடுங்கள், மருமகளையும் விட்டுவிடுங்கள். குறைமாதம், எடைக்குறைவு, இரட்டைப் பிள்ளை, கர்ப்பத்தில் ருபெல்லா போன்ற தொற்று, பிறந்ததும் மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, பிறந்தபின் மூளைக்காய்ச்சல், தலையில் அடி என்று காரணங்கள் பல. நிறையப் பிள்ளைகளுக்குக் காரணம் கடைசிவரை தெரிவதே இல்லை. காரணம் தெரியாத வீட்டில்தான் கிரகணம், சாபம், பூர்வ ஜென்மம் எல்லாம் வாடகை தராமல் குடியேறும்.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று, கர்நாடகத்தில் கலபுரகி பக்கம், குணமாகும் என்று நம்பி மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தார்கள். கிரகணம் சரியான நேரத்துக்கு விலகியது. வேறெதுவும் விலகவில்லை.

இந்தக் கேள்வியை மருமகள் காதுபடக் கேட்காதீர்கள். பேரனைத் தூக்க, குளிப்பாட்ட, ஊட்ட அவளுக்குத் தெம்பு வேண்டும்.

பிரசவம் பார்த்த டாக்டர் மேல் கேஸ் போடலாமா?
— ஒரு தந்தை, சேலம்

தவறு நடந்ததற்கு ஆதாரம் இருந்தால் போடுங்கள். குழந்தை பிறந்ததும் அழவில்லை என்பது மட்டும் ஆதாரம் ஆகாது.

இது பழைய வழக்கு. 1861-ல் லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற அறுவை மருத்துவர், கஷ்டமான பிரசவத்தால்தான் இது வருகிறது என்று சொன்னார். வெகு காலம் இதற்கு ‘லிட்டில் நோய்’ என்றே பெயர். 1897-ல் ஒருவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: கருவிலேயே மூளைக்கு ஏதோ ஆகியிருந்ததால்தான் பிரசவம் கஷ்டமானதோ? கேட்டவர் சிக்மண்ட் பிராய்ட். ஆமாம், கனவுக்குப் பலன் சொன்ன அதே பிராய்ட். அப்போது அவர் நரம்பியல் மருத்துவர். பிற்காலத்தில் மேலை நாடுகளில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கம்தான் சாய்ந்தன. பிரசவ நேரத்து மூச்சுத் திணறலால் மட்டும் வருவது அங்கே சிறு பங்கே. (பிராய்ட் தாயைக் குற்றம் சொல்லாத அபூர்வமான இடம் இது.)

அதற்காக நம் பிரசவ அறைகளுக்கு நான் நற்சான்று எழுதவில்லை. குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது தாய்க்கு மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டால் குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பு கூடும் என்பது நிரூபணமானது. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடலை ஆறு மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கும் முறை மேலை நாடுகளில் நல்ல பலன் தந்தது. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில் பலன் இல்லை, இறப்புதான் கூடுதல். அங்கே பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று மருத்துவத்தில் கண்ணை மூடிக்கொண்டு இறக்குமதி செய்ய முடியாது.

பிறந்து மூன்று நாள் ஆன பேத்திக்கு மஞ்சள் காமாலை. காலை வெயிலில் காட்டினால் போதும் என்கிறார் சம்பந்தியம்மா.
— ஒரு தாத்தா, காரைக்குடி

லேசான மஞ்சள் பெரும்பாலான குழந்தைகளுக்கு வந்து தானாகப் போகும், அதில் சம்பந்தியம்மாவுக்கு வெற்றி. மஞ்சள் அளவு மீறி ஏறினால் பிலிருபின் மூளைக்குள் இறங்கி, அசைவைக் கட்டுப்படுத்தும் ஆழ்ந்த பகுதியைக் கெடுக்கும். அப்படி வருகிற சி.பி.யில் கை கால் ஓயாமல் நெளியும், காதும் கேட்காமல் போகலாம். தடுக்க வேண்டியது எளிய விஷயம்: ரத்தப் பரிசோதனை, நீல விளக்கு. பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்காலுக்கு மஞ்சள் இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு தூங்கினாலோ, வெயிலுக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இந்த இதழ் கையில் கிடைக்கும்வரை நீங்கள் காத்திருக்கவில்லை என்று நம்புகிறேன்.

பையனுக்கு எட்டு மாதம். தலை நிற்கவில்லை. “அவங்கப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்” என்கிறார் மாமியார்.
— ஒரு அம்மா, விருத்தாசலம்

அதற்கு ஒரே சாட்சி மாமியார் மட்டும்தானே? நான்கு மாதம் வாக்கில் தலை நிற்க வேண்டும், ஒன்பது மாதத்துக்குள் பிடிமானம் இல்லாமல் உட்கார வேண்டும். கட்டைவிரலை உள்ளே மடக்கி எப்போதும் மூடியே இருக்கும் முஷ்டி, துணி மாற்றும்போது கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும் கால்கள், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டுவது, இவற்றையும் கவனியுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பார்த்து “இப்பவே வலதுகைப் பழக்கம் வந்துடுச்சு, கெட்டிக்காரன்” என்று பூரித்துப்போகிற குடும்பங்கள் உண்டு. அந்த வயதில் குழந்தைக்கு இரண்டு கையும் சமம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ‘மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்’ என்று பலகை தொங்கும். பெயரைப் படிக்கவே ஒரு பயிற்சி வேண்டும், ஆனால் உள்ளே சேவை இலவசம். நாளைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். முதல் இரண்டு வருடங்களில் மூளை புதுப் பாதை போட்டுக்கொள்ளும் வேகம் பிறகு வராது. ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் மாமியாருக்கு என் சார்பில் ஒரு புடவை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

இவர்களுக்குப் புத்தி மந்தமா?
— பெயர் வேண்டாம், ஈரோடு

சி.பி. உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு உண்டு, மீதிப் பாதிக்கு இல்லை. யார் எந்தப் பாதி என்பது நடையைப் பார்த்தோ பேச்சைக் கேட்டோ தெரியாது. நாக்கும் உதடும் தசைதான். அவை இறுகினால் குழறும். உள்ளே வாக்கியம் முழுசாக, இலக்கணச் சுத்தமாக நின்றுகொண்டிருக்கும். எச்சில் வழிவதும் அப்படித்தான். கூடுதலாகச் சுரக்கவில்லை, விழுங்குவது தாமதம்.

மும்பையில் மாலினி சிப் என்றொரு பெண்மணி. அவருடைய அம்மா மிது ஆலூர் மகளுக்கு ஏற்ற பள்ளி இல்லை என்று 1972-ல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். மகள் லண்டனில் முதுகலை படித்தார், ஒரே விரலால் தட்டித் தன் வரலாற்றைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அயர்லாந்தின் கிறிஸ்டி பிரவுன் இடது கால் விரலால் எழுதினார், வரைந்தார்.

ஆனால் சாதனையாளர் பட்டியல் வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூசும். பட்டம் வாங்காதவருக்கும், புத்தகம் எழுதாதவருக்கும், எழுத்துக் கூட்டவே வராதவருக்கும் காபி சூடாகத்தான் வேண்டும்.

உங்களைத் தெருவில் யாராவது தவறாக நினைத்ததுண்டா?
— வாசகர், மதுரை

நிறைய. டாஸ்மாக் வருமானத்துக்கு ஒரு பைசா தராமல் குடிகாரன் என்ற பேரை வாங்கியவன் நான். ராத்திரி வாகனச் சோதனையில் வண்டி ஓட்டுகிற மருமகனை விட்டுவிட்டு, பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னை “ஊது” என்பார்கள். ஊதுவேன். கருவி பச்சை காட்டும். கருவியைத் தட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு சாதாரண நாள் உங்களுக்கு எப்படிப் போகும்?
— பள்ளி ஆசிரியை, நாகப்பட்டினம்

எத்தனையோ வருடமாகக் கேள்வி-பதில் எழுதுகிறேன், “ஏன் வந்தது, எப்போது சரியாகும்” என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று கேட்டதற்கு நன்றி டீச்சர்.

காலையில் உடம்பு அட்டை மாதிரி இருக்கும், மார்கழியில் பலகை. விழித்ததும் எழ முடியாது. முழங்காலை மடக்கி நீட்டி, இடுப்பைத் திருப்பி, உடம்போடு பேச்சுவார்த்தை நடத்தித்தான் எழ வேண்டும். பிரஷ்ஷின் பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கும், கனமாக இருந்தால்தான் விரல் பிடிக்கும். சட்டை போட ஒரு சட்டம் உண்டு: முடியாத கை முதலில் உள்ளே போக வேண்டும், கழற்றும்போது அதுதான் கடைசியில் வெளியே வர வேண்டும். பொத்தான் வைத்த சட்டைகளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். தீபாவளிக்கு டி-சர்ட் எடுப்பதில் அம்மாவுக்கு இன்னும் மனத்தாங்கல்.

பிறகு காபி. டம்ளரைப் பிடித்துவிடுவேன். வாய்க்குப் பாதி வழியில் குக்கர் விசிலடிக்கும். திடீர்ச் சத்தத்துக்கு எல்லோர் உடம்பும் கொஞ்சம் தூக்கிப் போடும், ஆனால் மூளை உடனே அதை அடக்கிவிடும். என் மூளையில் அந்த அடக்கும் வேலைக்கு ஆள் இல்லை. கை பறக்கும், காபி காலண்டரில் இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டாவது விசில் அடித்து முடித்த பிறகுதான் எனக்குக் காபி. பட்டாசுக் காலத்தில் மூடி போட்ட டம்ளர்.

“ரிலாக்ஸா இருங்க சார்” என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பேன். அதைக் கேட்டதும் தசை இன்னும் இறுகும். கோபம் வந்தாலும் இறுகும், சிரித்தாலும் இறுகும். வடிவேலு காமெடி பார்த்தால் மறுநாள் தோள் வலிக்கிறது. இறுக்கம் தளர மாத்திரை உண்டு. போட்டால் தசையும் தளரும், கண்ணும் செருகும். எழுதுகிற அன்று மாத்திரை கிடையாது, மாத்திரை போட்ட அன்று எழுத்து கிடையாது.

வெளி வேலை என்றால் வங்கி. என் கையெழுத்து ஒரு முறை போட்ட மாதிரி மறுமுறை இருக்காது. ஒரு வங்கியில் என் காசோலையை எனக்கே திருப்பிக் கொடுத்து, “இது உங்க கையெழுத்து இல்லையே” என்றார்கள். நேரில் உட்கார்ந்திருந்தேன். சரி, செல்போனில் முடிக்கலாம் என்றால், ஒற்றை விரல் ஆறாவது எண்ணைத் தொடுவதற்குள் ஓ.டி.பி. காலாவதி. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், “மன்னிக்கவும், உங்கள் குரல் புரியவில்லை” என்கிறது இயந்திரம். அதையாவது மன்னிக்கலாம். ஓட்டலில் சர்வர் என்னைத் தாண்டி என் தங்கை மகனிடம், “சாருக்கு சாம்பார் ஊத்தலாமா?” என்பார். அவன் மறந்து போகிற அன்று எனக்கு சாம்பார் இல்லை.

இவ்வளவும் சேர்ந்து சாயங்காலம் ஐந்து மணிக்கே பேட்டரி தீர்ந்துவிடும். நீங்கள் பத்தடி நடக்கச் செலவழிக்கும் சக்தியைப் போலப் பல மடங்கு என் காலுக்கு வேண்டும். நாற்பதைத் தாண்டிய பிறகு மூட்டு வலி, முதுகு வலி, அசதி எல்லாம் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. சி.பி. என்றாலே குழந்தை என்று நினைக்கிறார்கள், ஆஸ்பத்திரியிலும் என்னைக் குழந்தைகள் பிரிவுக்கு வழி காட்டுகிறார்கள். குழந்தைகள் வளர்ந்து எங்கே போவார்கள் என்று நினைக்கிறார்களோ!

மகளுக்கு ஐந்து வயது. மடியில் படுக்கவைத்துத்தான் கஞ்சி ஊட்டுகிறேன். மாதத்துக்கு ஒரு தடவை சளி, காய்ச்சல்.
— ஒரு அம்மா, தேனி

இதற்கு மட்டும் நகைச்சுவை இல்லை. படுக்கவைத்து ஊட்டுவதை இன்றே நிறுத்துங்கள் அம்மா. கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அடிக்கடி வரும் சளிக்கு அது காரணமாக இருக்கலாம். நிமிர்த்தி உட்காரவையுங்கள், சுவர் மூலையும் தலையணையும் போதும். தலை கொஞ்சம் முன்னால் சாய்ந்து, தாடை சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். எதிரே, அவள் கண் மட்டத்தில் உட்காருங்கள். சின்ன, தட்டையான கரண்டி. விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். நீராக ஓடுவதைவிட, குழைத்த சாதம், கெட்டியான கூழ் பாதுகாப்பு. சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்கவைக்க வேண்டாம். ஒரு வேளைக்கு முக்கால் மணி ஆகும், ஆகட்டும்.

இருமல், கண்ணில் நீர், மூச்சில் கரகரப்பு இருந்தால் விழுங்குவதைப் பரிசோதிக்கத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். எடை ஏறவே இல்லையென்றால் குழாய் வழியாக உணவு கொடுக்க டாக்டர் சொல்லலாம். அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கத்தில் எங்கே போய்க் கேட்பது? சென்னைக்கு வர வசதியில்லை.
— ஒரு தந்தை, கடையநல்லூர்

சென்னையில் கோட்டூர்புரத்து வித்யாசாகர் அமைப்பு 1985 முதல் இந்த வேலையைச் செய்கிறது. பேச வராத பிள்ளைகளுக்குப் படப் பலகையைக் காட்டி, கண்ணால் ‘ஆமாம், இல்லை’ சொல்ல வைப்பது அங்கே சர்வ சாதாரணம். உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், ஆய்க்குடி பக்கத்திலேயே இருக்கிறது. கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம். அவர்களுடைய பணியாளர்கள் கிராமத்துக்கே வந்து, வீட்டுத் திண்ணையிலேயே பயிற்சி சொல்லித்தருகிறார்கள். பஸ் ஏற வேண்டியதே இல்லை என்பதுதான் சிகிச்சையில் பாதி.

டாக்டர் பையன் காலுக்கு போடாக்ஸ் போட வேண்டும் என்கிறார். நடிகைகள் போடுவதா?
— வாசகி, பொள்ளாச்சி

அதேதான். முகத்தில் போட்டால் சுருக்கம் போகும், ஆடுசதையில் போட்டால் குதிகால் தரையைத் தொடும். மூன்று நான்கு மாதம் வரை இறுக்கத்தைத் தளர்த்தும். அந்த இடைவெளியில் பயிற்சியும் காலுக்கான பட்டையும் சேர்ந்தால்தான் காசுக்குப் பலன். ஊசி போட்டுவிட்டு டி.வி. முன் உட்காரவைத்தால், அழகான ஆடுசதை மட்டும் மிஞ்சும்.

ஸ்டெம் செல் சிகிச்சையில் முழுக்கக் குணமாகும் என்று விளம்பரம் வருகிறது. நிலத்தை விற்கலாமா?
— விவசாயி, திருவாரூர்

விற்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குத்தான் ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. மற்றதெல்லாம் ஆய்வு. ஆய்வில் சேர்ப்பவர் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. ஆகவே எளிய பரிசோதனை ஒன்று: பில் கொடுத்தால் அது ஆய்வு இல்லை. அழுத்த ஆக்ஸிஜன் அறையும் சி.பி.க்கு உதவவில்லை என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. எண்ணெய் தேய்ப்பது சுகம், தேய்த்துவிடுங்கள், குணம் எதிர்பார்க்காதீர்கள். முறுக்கி, ஒடித்து, ‘நரம்பை எடுத்துவிடுகிறேன்’ என்று யாராவது கிளம்பினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பலன் தருவது விளம்பரத்துக்கு லாயக்கில்லாத விஷயங்கள். டம்ளர் பிடிக்க வேண்டுமா, டம்ளரைப் பிடித்துத்தான் பழக வேண்டும். பிசியோதெரபிஸ்ட் காலை ஆட்டிவிட, பிள்ளை மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதால் பெரிய லாபம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் தளர்ந்த பிள்ளைகளுக்கு நல்ல கையைக் கொஞ்ச நேரம் உறைக்குள் போட்டுவிட்டு, மற்ற கையால் விளையாட வைப்பார்கள். நன்றாக வேலை செய்கிற முறை. இடுப்பு மூட்டு மெல்ல விலகுவது மூன்றில் ஒருவருக்கு நடக்கும், வலி தெரிவதற்கு முன்பே எக்ஸ்ரேயில் தெரியும். நிலத்தை உழுங்கள், எக்ஸ்ரேக்கு அறுவடைப் பணம் போதும்.

‘பேரன்பு’ பார்த்தீர்களா?
— சினிமா ரசிகர், புதுச்சேரி

பார்த்தேன். சி.பி. உள்ள மகள் வயதுக்கு வந்ததும் தனியாக நிற்கும் அப்பா என்ன செய்வார் என்ற கேள்வியைத் தமிழ் சினிமா நேருக்கு நேராகப் பார்த்தது. நாப்கின் மாற்ற ஆள் தேடுவது எத்தனை வீடுகளின் மாதாந்தரப் பிரச்சினை தெரியுமா? மகளாக வந்த சாதனா நன்றாக நடித்தார். என் ஆசை வேறு: ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் மகனாக நடித்த ஆர்.ஜே. மிட்டேவுக்கே சி.பி. உண்டு. நிஜத்தில் அவருக்குக் குறைவு, பாத்திரத்துக்காக ஊன்றுகோல் பழகிக் கூட்டிக் காட்டினார். நம்மூரில் ஆடிஷன் நடக்கும் இடம் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நடிப்பு எல்லாம் பிறகு.

விளையாட்டில் ஏதாவது?
— பத்தாம் வகுப்பு மாணவன், ஓசூர்

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் உத்தரப்பிரதேசத்தின் பிரீத்தி பால், சி.பி. போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான டி35 பிரிவில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெண்கலம். பாராலிம்பிக் ஓட்டத்தில் இந்தியாவின் முதல் பதக்கங்கள் அவை. ஓட வேண்டாம், உட்கார்ந்தே ஜெயிக்க வேண்டும் என்றால் போச்சா இருக்கிறது. தோல் பந்தை வெள்ளைப் பந்துக்கு அருகே உருட்டுவது, சி.பி. உள்ளவர்களுக்காக உருவான விளையாட்டு. 1984 முதல் பாராலிம்பிக்கில் உண்டு.

இவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாமா? பிள்ளைக்கும் வருமா?
— பெயர் வேண்டாம், வேலூர்

செய்துகொள்ளலாம், உங்கள் அனுமதிக்கு நன்றி. பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. சிலருக்கு மரபணுக் காரணம் உண்டு, சந்தேகம் இருந்தால் பரிசோதிக்கலாம். வரதட்சணைதான் பரம்பரையாக வருகிறது.

சட்டம் உங்கள் பக்கம்தானே?
— வழக்கறிஞர், தஞ்சாவூர்

சட்டம் என் பக்கம், படிக்கட்டு எதிர்க்கட்சி. 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஜீஜா கோஷ் என்ற பெண்மணி கோவா செல்லும் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அவரை இறக்கிவிட்டார்கள், அவருக்கு சி.பி. இருப்பதால். அவர் போய்க்கொண்டிருந்தது ஒரு மாநாட்டுக்கு. 2016-ல் உச்ச நீதிமன்றம் விமான நிறுவனத்தை 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதே வருடம் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சி.பி.யும் இருக்கிறது. மெரினாவில் 2022 நவம்பர் கடைசியில் சக்கர நாற்காலிக்கான மரப்பாதை திறந்தார்கள். வாழ்நாளில் முதல்முறை கடலைக் கிட்டத்தில் பார்த்து அழுதவர்கள் உண்டு. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதைப் பெயர்த்துவிட்டது. புயலுக்குச் சட்டம் தெரியாது, பிறகு சரிசெய்தார்கள். படிக்கட்டு கட்டுகிற காண்ட்ராக்டருக்கு எந்தப் புயல் வந்து சொல்வது?

மகனுக்கு இருபத்திரண்டு. நடக்க வராது, பேச வராது. எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?
— ஒரு தம்பதி, கோயம்புத்தூர்

இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பப் பெற்றோர்கள் கேட்டதன் பலன்தான் 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம். அதன்படி பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு, தேவையென்றால், சட்டப்படியான காப்பாளரை நியமிக்க மாவட்ட அளவில் குழு இருக்கிறது, கலெக்டரும் அதில் உண்டு. ‘நிராமயா’ என்ற மருத்துவக் காப்பீடு வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை. இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். தங்குமிட இல்லங்கள் போதுமான அளவு இல்லை, நல்லவை இன்னும் குறைவு. அதைச் சர்க்கரை தடவிச் சொல்ல எனக்கு மனமில்லை.

உங்கள் கையில் இருப்பது இரண்டு. ஒன்று, ஒரு நோட்டு. அவன் எதைச் சாப்பிடுவான், எந்தச் சூட்டில், எந்தப் பக்கம் சாய்த்தால் வலிக்கும், வலிப்பு மாத்திரை எப்போது, ‘ஆமாம்’ என்பதற்குக் கண்ணை மேலே தூக்குவானா, இமைப்பானா, எந்தப் பாட்டுப் போட்டால் தூங்குவான், எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். இப்போது அது அவன் அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. இரண்டு, நீங்கள் இருக்கும்போதே வேறு கைகளைப் பழக்குங்கள். சித்தி வீட்டில் ஒரு சனி, ஞாயிறு. முதல் தடவை அழுவான், நீங்களும்தான். சித்திக்கு அவன் கண்ணசைவு புரிந்துவிட்டால், இன்னொருவருக்கும் புரியும்.

உங்கள் பேச்சு புரியாவிட்டால் என்ன செய்வது? புரிந்த மாதிரி தலையாட்டலாமா?
— டீக்கடைக்காரர், அறந்தாங்கி

ஆட்டக்கூடாது. நான் “சர்க்கரை வேண்டாம்” என்பேன், நீங்கள் தலையாட்டிவிட்டு மூன்று கரண்டி போடுவீர்கள். “புரியலைண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றால் கோபமே வராது, சந்தோஷமாகச் சொல்வேன். நான் தொடங்கிய வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்கவும் வேண்டாம். பாதியில் வேறு எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவீர்கள்.

பிளாஸ்டிக் ஸ்ட்ரா தடையை ஆதரிக்கிறீர்களா?
— சுற்றுச்சூழல் ஆர்வலர், ஊட்டி

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கடலுக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வளைகிற அந்தக் குழாய் எனக்கு ஸ்டைல் இல்லை, சூடான டீயைச் சட்டையில் கொட்டாமல் குடிக்கிற வழி. காகித ஸ்ட்ரா இரண்டாவது மடக்கில் கூழாகிவிடுகிறது. ஸ்டீல் ஸ்ட்ரா உதட்டைச் சுடும், தாடை திடீரென்று இறுகினால் பல் போகும். சிலிகான் ஸ்ட்ரா ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கழுவி வைக்க மறந்தால் மறுநாள் டீயில் முந்தின நாள் ரசம். அறந்தாங்கி அண்ணன் கடைக்கு வரும்போது கொண்டுவருகிறேன், சர்க்கரை மட்டும் வேண்டாம்.